இடைவேளையில் புறப்பட்ட பஸ்

1

போன சனிக்கிழமை அரிசி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். வாசலில் குகன் அண்ணை தன்னுடைய காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த துணி மஞ்சளும் நீலமுமாக இருந்தது. கிட்டப் போன பிறகுதான் அது எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஜேர்சி என்று தெரிந்தது. முதுகுப் பக்கம் 1 என்ற இலக்கம். அது கோல் காப்பாளரின் இலக்கம். எங்கள் பெண்கள் அணியின் கோல் காப்பாளர் என் தங்கை நிரோஜா.

ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஊரவர்களுக்கு ஓர் ஒன்றியம் உண்டு. குகன் அண்ணை அதன் செயலாளர். சில கிழமைகளுக்கு முன் இதே ஜேர்சியைத் தன் வயிற்றுக்கு மேலால் இழுத்து மாட்டி, படம் எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்கடை சிங்கக்குட்டியள்" என்று எழுதியவர் அவர்தான்.

"அண்ணை, உது எங்கடை ஜேர்சியல்லோ?"

"ஓம் தங்கச்சி," என்றார், துடைப்பதை நிறுத்தாமல். "நல்ல துணி. தண்ணியை வடிவா உறிஞ்சுது."

பக்கத்தில் அவருடைய மகள் நின்றாள். பத்து வயது இருக்கும். ஐரோப்பாவின் பெரிய கழகம் ஒன்றின் ஜேர்சி போட்டிருந்தாள். போன வருடம் வேறொரு கழகத்தின் ஜேர்சியில் அவளைப் பார்த்த ஞாபகம். நான் பார்ப்பதைக் கண்ட குகன் அண்ணை பெருமையோடு சொன்னார். "இவள் இப்ப இந்தக் கிளப். மற்றது தோக்கத் தொடங்கிட்டுது. வெல்லுறதைத்தானே பிடிக்கோணும்?"

அந்தப் பிள்ளை ஈரத் துணியிலிருந்த எழுத்துகளைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜேர்மன் மொழியில் தகப்பனைக் கேட்டாள். தமிழில் எழுதியிருந்த எங்கள் ஊரின் பெயர் அது. "சும்மா ஒரு பேர்," என்று அவரும் ஜேர்மன் மொழியிலேயே சொன்னார்.

நான் கேட்டேன். "நாளைக்கு லீக் ஆட்டம் இருக்கெல்லோ அண்ணை, ஒன்றியம் ஒண்டும் செய்யேல்லையோ?"

"பெட்டையள் வரமாட்டினமாம் தங்கச்சி. உம்மடை தங்கச்சியே வாறேல்லை எண்டு சொல்லிப்போட்டாளாம், பிறகு ஆர் கோலுக்கை நிக்கிறது? நாளைக்கு இறங்காட்டில் லீக்கிலை இருந்து பேரை எடுத்துப்போடுவாங்கள். எங்களுக்கும் லேசு. இனிப் பெடியளின்ரை ரீமுக்கு மட்டும் செய்வம் எண்டுதான் கூட்டத்திலையும் கதைச்சது. தானாய் முடியுது, விடும்."

விடும் என்றார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"அதை என்னட்டைத் தாங்கோ அண்ணை."

"இந்த ஊத்தைத் துணி உமக்கு எதுக்கு? சரி, கொண்டுபோம். எனக்கு இனித் தேவையில்லை."

2

இதை ஊரில் இருந்து வாசிக்கப்போகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் மைதானம் எப்படிக் கிடந்தது என்று. தெல்லிப்பழைக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி, ஆள் உயரப் பற்றையோடு கிடந்தது. நான் பிறந்தது ஊரில் அல்ல, போரில் இடம்பெயர்ந்தவர்களின் முகாமில். இராணுவம் எங்களை ஊருக்குத் திரும்ப விட்டபோது நான் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டேன். முதலில் பெடியன்கள் பற்றையை வெட்டி விளையாடத் தொடங்கினார்கள். சில வருடங்கள் கழித்து நிரோஜாவும் அவளுடைய சிநேகிதிகளும் போய் நின்றார்கள்.

அப்போது ஊர் என்ன சொன்னது என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே சொன்னீர்கள். "காச்சட்டையோடை ஓடுறாளவை, பிறகு ஆர் கட்டுவான்?" முதல் ஆட்டத்துக்கு ஆதரவாளர் என்று ஒருவரும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் செல்வி அக்கா. சந்தையில் மீன் விற்பவர். ஸ்கூட்டியில் வெறும் மீன்பெட்டியோடு வீட்டுக்குப் போகிற வழியில், சத்தம் கேட்டு நின்றவர். அவருக்கு அணியில் மகளும் இல்லை, மருமகளும் இல்லை. என் அம்மாவும் சந்தையில் மீன் விற்கிறவர். யார் எந்த இடத்தில் பெட்டியை வைப்பது என்ற சண்டையில் இருவரும் பேச்சை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஆக, நிரோஜா அவருக்கு வேண்டாத ஒருத்தியின் மகள்.

செல்வி அக்கா உதைபந்தாட்டத்தை அன்றுதான் முதன்முறை பார்த்தார். பந்தைக் கையால் தொடக்கூடாது என்று யாரோ பக்கத்தில் சொன்னது மட்டும் அவருக்குப் பிடிபட்டிருந்தது. நிரோஜா பாய்ந்து ஒரு பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கைதட்டினார்கள். செல்வி அக்காவுக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"உஷ்! தட்டாதேங்கோ! பெட்டை கையாலை பிடிச்சுப்போட்டாள். றெஃபறி காணேல்லை. பேசாமல் இருங்கோ!"

அன்று ஆட்டம் முடியும்வரை, நிரோஜா பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் செல்வி அக்கா மற்ற ஊர்க்காரரின் பக்கம் திரும்பி, "உங்கடை பிள்ளையள் என்ன வடிவா ஓடுதுகள்!" என்று அவர்களின் கவனத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். களவைக் காப்பாற்றுகிறாராம். வேண்டாதவளின் மகளுக்காக.

அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். நிரோஜாவே போய் விளக்கினாள். கோலுக்குள் நிற்கிறவர் கையைப் பாவிக்கலாம், அதுதான் சட்டம் என்று.

"உனக்கு மட்டும் கை பாவிக்கலாமோ?"

"ஓம் செல்வி அக்கா."

"அப்ப பிறகு ஏனடி உள்ளுக்கை விடுறாய்?"

அன்று தொடங்கிய ஏச்சு. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, ஆட்டம் முழுக்க ஏசுவார். வென்றாலும் ஏசுவார். மழையிலும் வந்தார், வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கிடந்த நாட்களிலும் வந்தார்.

3

பிறகு பிள்ளைகள் வெல்லத் தொடங்கினார்கள். உடனே எல்லோருடைய வாயிலும் "எங்கடை" என்ற சொல் முளைத்தது. காற்சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அதே காற்சட்டையோடு நின்ற பிள்ளைகளைப் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். ஒன்றியம் ஜேர்சி அடித்தது. பிள்ளைகளுக்குப் பதினைந்து, ஆதரவாளருக்கு இங்கும் அங்குமாக அதைவிடப் பல மடங்கு.

லீக்குக்குப் புறம்பான ஒரு கிண்ணப் போட்டியின் இறுதியாட்டம், நான் கடைக்குப் போன சனிக்கு முந்திய ஞாயிறு, கொக்குவில் பக்கத்து மைதானம் ஒன்றில். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒன்றியம் ஒரு பஸ் பிடித்துக் கொடுத்தது. முகநூலில் நேரலை செய்ய ஓர் ஆளையும் பிடித்தது. ஒரு பனரும் அடித்தது. 'வெற்றிவாகை சூடிய எங்கள் மங்கையருக்கு வாழ்த்துகள்' என்று அதில் எழுதியிருந்தது. ஆட்டத்துக்கு முதல் நாளே அடித்தாயிற்று. பிள்ளைகள் கீழே ஒரு வரிசையில் தீக்குச்சிகள் மாதிரி. மேலே ஒன்றிய நிர்வாகிகளின் முகங்கள், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவில். நடுவில் குகன் அண்ணை.

இங்கே மதியம். நான் சமைத்தபடி நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கோல் எங்களுக்கு எதிராக விழுந்தது. "பரவாயில்லை, எங்கடை பிள்ளையள் அடிப்பினம்" என்று எழுதினார்கள். இரண்டாவது விழுந்தது. "உவையளுக்குப் பயிற்சி காணாது." மூன்றாவது. "சமைக்கத் தெரியாததுகள் எல்லாம் பந்தடிக்கப் போனால் உப்பிடித்தான்." நான்காவதும் விழுந்த பிறகு குகன் அண்ணை எழுதினார். "நீர்வேலியிலை ஒரு வாழைக்குலை வாங்கிக் கோலுக்கை கட்டியிருந்தால் அது ரெண்டைத் தடுத்திருக்கும்." அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள்.

இடைவேளை விசில் ஊதினார்கள். படம் திடீரென்று ஆடியது. புல் தெரிந்தது. செருப்புகள் தெரிந்தன. பிறகு பஸ்ஸின் படிகள். நேரலை எடுத்தவனும் எழும்பிப் போகிறான், கமராவை நிறுத்த மறந்துவிட்டான். உள்ளே எங்கள் ஊர்ச் சனம், எல்லோரும் மஞ்சள் நீல ஜேர்சியில், இடம் பிடித்து அமர்ந்தார்கள். சாரதி கேட்பது கேட்டது.

"ஆட்டக்காரப் பிள்ளையள்?"

"அவையள் வேறை வாகனத்திலை வருவினம். நீ எடு, நீ எடு!"

வேறு வாகனம் என்று ஒன்று இருக்கவில்லை.

பின்கண்ணாடியால் மைதானம் தெரிந்தது. பிள்ளைகள் வட்டமாக நின்று தோடம்பழத் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். ஜன்னலால் ஒரு கை வெளியே போய் டாட்டா காட்டியது. உள்ளே சிரித்தார்கள். பஸ் திரும்ப, ஒரு மதில் வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கறி அடிப்பிடித்து மணத்தது.

4

மீதியை நிரோஜா செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சொன்னாள்.

"பிறகும் விளையாடினனீங்களோடி?"

"விளையாடாமல்? இன்னும் ரெண்டு வாங்கினன். மொத்தம் ஆறு. செல்வி அக்கா மட்டும் பின்னாலை நிண்டவா. அவ வழமை மாதிரித்தான். 'கண்ணை எங்கை கொண்டுபோய் அடகு வைச்சனி' எண்டு. மற்ற ஊர்ச்சனம் எங்களைப் பாத்துச் சிரிக்க அவையளோடையும் சண்டை."

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீதியில் நின்றபோது, செல்வி அக்கா யாழ்ப்பாணச் சந்தைக்கு மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் ஐஸ் லொறிக்குப் போன் எடுத்தாராம். வெறும் பெட்டிகளுக்கு நடுவில் அணி முழுவதும் ஏறி உட்கார்ந்ததாம். செல்வி அக்கா ஸ்கூட்டியை அங்கேயே யாரோ வீட்டு மதிலுக்குள் விட்டுவிட்டு, தானும் ஏறி, ஒரு பை வாய்ப்பனைக் கொடுத்துவிட்டு, வழி முழுக்கக் கணக்குத் தீர்த்தாராம்.

"முதலாவது உன்ரை பிழை. ரெண்டாவதும் உன்ரை பிழை."

"மூண்டாவது அவள் தள்ளிவிட்டவள் செல்வி அக்கா."

"தள்ளினால் விழுறதோ? அதுவும் உன்ரை பிழை. இந்தா, இன்னொரு வாய்ப்பன் தின்."

இதைச் சொல்லும்போது நிரோஜா கொஞ்சம் சிரித்தாள். "வீட்டை வர, அம்மா என்னைக் கிட்ட விடேல்லை அக்கா. மீன் நாத்தமாம். ஆர் சொல்லுறது எண்டு பார்!"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ஞாயிற்றுக்கிழமை போகமாட்டன்."

"ஆறு கோல் எல்லாருக்கும் விழும் நிரோஜா."

"கோலுக்கில்லை. அந்தக் கை காட்டினது ஆர் தெரியுமோ? நான் வெண்ட அண்டைக்கு என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு சந்தி சுத்தினவன். நான் இனி ஆருக்கு விளையாடுறது?"

ஊருக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றால், என் வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்து மாதங்களாகிவிட்டன. தற்காலிகமாகத் தந்த கடதாசியோடு பறந்தால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டேன். அவசரக் காரணமா என்று அங்கிருந்த பெண்மணி கேட்டார். என் தங்கை உதைபந்தாட்டத்தை விடப்போகிறாள் என்றேன். கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் வேலைசெய்யும் இடத்திலும் அதே கிழமை ஒரு கூத்து நடந்தது. நான் கழிவுநீர்க் குழாய்கள் வரையும் பொறியியலாளர். தேநீர் நேரத்தில், தங்கைக்கு இறுதியாட்டத்தில் ஆறு கோல் என்று என் ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவள் ஆறு கோல் அடித்தாள் என்று விளங்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஒருவர் கேக் துண்டுகூட வெட்டினார். அவள்தான் அந்த ஆறையும் விட்டவள் என்று திருத்தியதும் எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். அந்தக் கோப்பைகளையும் சொல்லவேண்டும். போன வருடம்வரை எல்லாக் கோப்பையிலும் இந்த நகரத்துக் கழகத்தின் சின்னம் இருந்தது. கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் அவை அலுமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டன. எங்கள் ஊர்ச்சனம் மட்டும்தான் இப்படி என்று நினைத்து நான் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அது ஆறுதலாகவும் இல்லை. நாற்றம் எங்கும் ஒன்றுதான் என்று தெரிந்தால் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது?

5

நான் இந்தச் சனத்தை இறுதியாட்டத்தில்தான் கண்டுகொண்டேன் என்று நினைக்கவேண்டாம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவும் அப்பாவும் பெருவிரலில் மை பூசிக் கொடுத்த இடங்களில், நான் கையெழுத்துப் போட்டேன். அதை எங்கேயும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அன்று எங்கள் ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்கி, அம்மாவுக்குக் கேட்கும்படி கதைத்தார்கள். "கடலுக்குப் போறவன்ரை பிள்ளைக்கு உது காணும். மீன் கணக்குப் பாக்கத் தெரிஞ்சால் சரிதானே."

இரண்டாம் தடவை பொறியியல் கிடைத்தது. பெறுபேறு வந்த கிழமையே சந்தியில் என் முகத்தோடு பனர். 'எங்கள் ஊரின் அறிவுச்சுடர்'. கட்டியவர்கள் அதே சைக்கிள்காரர்கள். குகன் அண்ணை ஜேர்மனியில் இருந்து முதன்முறை போன் எடுத்தார். "உம்மை எனக்குச் சின்னனிலை இருந்தே தெரியும் தங்கச்சி." அவர் என்னைக் கண்டதே இல்லை.

அந்தப் பனரின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. என் முகத்துக்காக வைத்திருக்கவில்லை. அதன் கீழே நின்று கை கொடுத்தவர்களின் முகங்களை மறக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

6

சனிக்கிழமை கடையிலிருந்து வந்து ஜேர்சியைத் தோய்த்தேன். மாலையாகும் முன் நிரோஜாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். துடைத்ததை, நல்ல துணி என்றதை, சும்மா ஒரு பேர் என்றதை, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதுகிலை என்ன நம்பர்?"

"ஒண்டு."

"தோய்ச்சனியோ?"

"ஓம்."

"ஊத்தை போச்சுதோ?"

"இல்லை. கறுப்பாய்ப் பிடிச்சிட்டுது."

வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரலை இல்லை. ஒன்றியம் நிறுத்திவிட்டது. ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில்தான், நடந்து வரக்கூடிய தூரத்தில் ஊர் முழுவதும் இருந்தது. செல்வி அக்காவிடம், போனை வெட்டாமல் வைத்திருங்கள், எனக்கு நடப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன்.

"எனக்கு உந்த வர்ணனை எல்லாம் தெரியாது பிள்ளை. போனைச் சட்டைப் பொக்கற்றிலை போடுறன். நான் கத்திறதைக் கேள், அதுதான் நடக்குது."

எனக்கு முழங்கால்வரை வரும் அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் போனை வைத்துக் காத்திருந்தேன். கடற்காற்று இரைந்தது.

"ஆர் ஆர் வந்திருக்கினம் செல்வி அக்கா?"

"பாக்கிறதுக்கோ? நானும் நாலைஞ்சு நாயும்."

"பிள்ளையள்?"

"எட்டுப் பேர் நிக்கினம். ஒம்பது. உன்ரை தங்கச்சியைக் காணேல்லை."

"செல்வி அக்கா, நீங்கள் அண்டைக்கு ஏன் பஸ்ஸிலை ஏறேல்லை?"

"ஆட்டம் முடியேல்லையே பிள்ளை," என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

விசில் ஒன்று கேட்டது. யாரோ ஓடும் சத்தம். செல்வி அக்கா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. முடிந்தது என்று நினைத்து, கையை நீட்டிப் போனை வெட்டப் போனேன்.

"அடியேய்!"

போன் மேசையில் அதிர்ந்தது.

"இப்பவோடி வாறது? கோயில் திருவிழாவுக்கு வாறமாதிரி ஆடி ஆடி வாறாய்! கையுறையைப் போடடி முதல்! கம்பத்திலை சாயாதை, அது உன்ரை அப்பன் வைச்சதில்லை!"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் எனக்கு அந்த ஏச்சு மட்டும் போதுமாக இருந்தது.

"உன்ரை அம்மாவும் வந்திருக்கிறா," என்றார் பிறகு, பொக்கற்றுக்குள் குனிந்து.

"கதைச்சனீங்களோ?"

"ஏன் கதைக்கோணும்? அவ அந்தக் கம்பத்துக்குப் பின்னாலை நிக்கட்டும், நான் இந்தக் கம்பத்துக்குப் பின்னாலை நிக்கிறன்."

எங்கள் பிள்ளைகள் ஒரு கோலால் வென்றார்கள். அதை யார் அடித்தார், எப்படி அடித்தார் என்று செல்வி அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்னமோ கட்டிப்பிடிக்கினம். எங்கடையள்தான். பொறு, உன்ரை தங்கச்சி நித்திரை கொள்ளுறாள்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏசத் தொடங்கினார்.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் போன் அடித்தது. குகன் அண்ணை. குரலில் தேன் வழிந்தது.

"தங்கச்சி! எங்கடை பிள்ளையள் வெண்டிட்டினமாம்! நான் சொன்னனான்தானே? இப்ப குழுவிலை படம் போடோணும், சந்தியிலை பனரும் கட்டோணும். அண்டைக்கு அடிச்ச பனர் ஊரிலை ஆரிட்டை இருக்கு எண்டு தெரியுமோ?"

"செல்வி அக்காவிட்டை, அண்ணை. பஸ்ஸாலை வந்து எறிஞ்சுவிட்டிருந்தினமாம், எடுத்து வீட்டு முத்தத்திலை விரிச்சிருக்கிறா. கருவாடு போடுறதுக்கு. உங்கடை முகத்திலை இப்ப சூடை மீன் காயுது."

அவர் உடனே கதையை மாற்றினார்.

"சரி, அதை விடும். அந்த ஜேர்சி உம்மட்டைத்தானே இருக்கு? நாளைக்கு வந்து எடுக்கட்டோ?"

"இருக்கு அண்ணை," என்றேன். "நல்ல துணி. தரமாட்டன்."